தக்கை போட்ட கந்தக அமிலம்

என்னைப் பற்றி நம் பள்ளிக்கூடங்களில் ஒரு பேச்சு உலவுகிறது. ஐயா பொறுப்பில் இருந்தவரைக்கும் ஆய்வுக்கூடத்தில் ஒரு விபத்துகூட நடந்ததில்லையாம். ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டு இதையே சொன்னார்கள். நானும் தலையைக் குனிந்து, அடக்கமான மனிதனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. என் விபத்து ஆய்வுக்கூடத்துக்குள் நடக்கவில்லை; அங்கே போகிற வழியில் நடந்தது. அதனால் பதிவேட்டில் ஏறவில்லை.

புதிதாக ரசாயனம் சொல்லித்தர வந்திருக்கிறீர்கள். பாதுகாப்பு விதிகளை அச்சடித்துக் கையில் கொடுத்திருப்பார்கள். சுவரில் ஒட்டுங்கள், நல்லதுதான். அந்த விதிகள் அன்றைக்கு எனக்கும் மனப்பாடம். மனப்பாடமாக வைத்துக்கொண்டுதான் ஒரு பெண்ணின் முதுகைப் பொசுக்கினேன். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் விதிகளைப் படியுங்கள்.

யுத்த காலம். பட்டணத்தின் மேல் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே காலியாகிக்கொண்டிருந்தது. எங்கள் பள்ளிக்கூடமும் பெட்டி கட்டியது. நிர்வாகிக்குத் தெரிந்தவர் ஒருவருக்குக் கொல்லிமலையில் காப்பித் தோட்டமும் பழைய பங்களாவும் இருந்தன. ஆறாம் பாரத்துப் பையன்கள் பள்ளி இறுதிப் பரீட்சை எழுத வேண்டுமே என்று இருபது பேரை மட்டும் அங்கே கூட்டிப்போய்ப் பாடம் நடத்துவதாக முடிவாயிற்று. நானோ கல்லூரியை விட்டு வந்து இரண்டு வருஷம்கூட ஆகாதவன். ரசாயனத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று அப்போது நினைத்திருந்தேன். அந்த நம்பிக்கை வாழ்நாளில் அந்த ஒரு வருஷம்தான் எனக்கு முழுசாக இருந்தது.

ஆய்வுக்கூடத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு போகும் வேலை என்னுடையது. கிளம்புவதற்கு முதல்நாள், கந்தக அமிலம் இருந்த பெரிய புட்டியின் கண்ணாடி மூடி இறுகிக்கொண்டு திறக்க வரவில்லை. மெல்லத் தட்டினால் இளகும். நான் மெல்லத் தட்டவில்லை. மூடி இரண்டாக உடைந்தது. மாற்று மூடி தேடிக்கொண்டிருக்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நல்ல பருமனான தக்கை ஒன்றை எடுத்து அழுத்தினேன். அதன்மேல் அரக்கை உருக்கி ஊற்றினேன். பள்ளிக்கூட முத்திரையையும் அரக்கின்மேல் அழகாகக் குத்தினேன். பார்க்க அரண்மனைக் கடிதம்போல இருந்தது. பக்கத்திலிருந்த கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ரயிலில் சேலம், அங்கிருந்து பஸ்ஸில் சேந்தமங்கலம். மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் மூட்டைகளை இறக்கினோம். இப்போதுபோல மலைக்கு ரோடு கிடையாது. கல்லும் வேருமாக ஒரு தடம். ஏறிப்போக அரை நாளாகும். சுமை தூக்க மலையிலிருந்து ஆணும் பெண்ணுமாகப் பலர் இறங்கி வந்திருந்தார்கள். அமிலப் புட்டி வைத்த கூடை செல்லாயி என்ற பெண்ணின் தலைக்கு வந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். மலையில் சாமையும் கொஞ்சம் மிளகும் வெள்ளாமை செய்கிற குடும்பம். கூடையைத் தூக்கும்போது கேட்டாள்.

"இதுல என்னங்க சாமி இருக்குது, இந்தக் கனம் கனக்குது?"

"அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா. ஜாக்கிரதையாக வா, போதும்" என்றேன்.

அந்தப் பதிலை நினைத்தால் இந்த வயதிலும் காது சூடாகிறது. அவள் கேட்டதற்கு, 'மேலே பட்டால் பொசுக்கிவிடும்' என்று மூன்று சொல்லில் பதில் இருந்தது. கந்தக அமிலத்தின் மூலக்கூறு எடை, கொதிநிலை எல்லாம் தெரிந்தவனுக்கு அந்த மூன்று சொல் வாயில் வரவில்லை.

பாதி மலை ஏறியிருப்போம். தடம் ஓர் ஓடையை ஒட்டித் திரும்புகிற இடம். எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த செல்லாயி நின்றாள்.

"ஏனுங்க, கூடையில என்னமோ ஒழுகுதுங்க. முதுகுல எண்ணெ ஊத்துன மாதிரி வழுவழுன்னு எறங்குது."

நான் பதில் சொல்வதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. கூடையைக் கீழே வைத்தாள். வைத்தாள் என்பதைக் கவனியுங்கள். போடவில்லை. "எரியுது, எரியுதுங்க" என்று ஓடையைப் பார்த்து ஓடினாள்.

அப்போது நான் கத்தினேன்.

"நில்லு! தண்ணீர் வேண்டாம்! தண்ணீர் பட்டால் கொதிக்கும்! நில்லும்மா!"

ஏன் கத்தினேன் என்று உங்களுக்குத் தெரியும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. நமக்கெல்லாம் முதல் நாளே சொல்லிக்கொடுத்து, நாமும் அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். என் பேராசிரியர் இதை வாரம் ஒருமுறை சொல்லவைப்பார். பதற்றத்தில் வாய்க்கு வருவது சமயத்துக்கு வேண்டியது அல்ல. அதிகம் ஒப்பித்தது எதுவோ அதுதான் வரும். எனக்கு அது வந்தது.

அவள் நின்றாள். பட்டணத்து வாத்தியார் சொல்கிறாரே, காரணம் இல்லாமலா சொல்வார் என்று, ஓடைக்கரையில் முதுகு வெந்துகொண்டிருக்க, என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அமிலத்தை முறிக்கக் காரம் வேண்டும். இதுவும் எனக்குத் தெரியும். சலவைச் சோடா ஒரு டப்பா கொண்டுவந்திருந்தேன். எந்தக் கூடையில்? முதல் கூடையைக் கவிழ்த்தேன். பூகோள உருண்டை உருண்டு போயிற்று. இரண்டாவதில் புத்தகங்கள். மூன்றாவதில் தலைமையாசிரியரின் வேட்டிகள். நான் வேட்டிகளை உதறிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த சுமைகாரப் பெண் ஒருத்தி தன் மூட்டையை இறக்கிவிட்டு ஓடிவந்தாள்.

"அட, அவரு கெடக்கறாரு, எறங்கு புள்ள!" என்று செல்லாயியைப் பிடித்து ஓடைக்குள் தள்ளினாள். தானும் இறங்கி, அமிலம் பட்ட அவள் சேலையைப் பிய்த்தெடுத்து எறிந்துவிட்டு, முதுகு முழுக்க ஓடும் தண்ணீரில் முங்கும்படி அவளை உட்காரவைத்தாள். மற்றப் பெண்கள் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள்.

சோடா டப்பா ஒருவழியாக ஐந்தாவது கூடையில் கிடைத்தது. வெற்றி வீரனைப் போல அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "இதை முதுகில் அப்புங்கள்!" என்றேன்.

"அந்தாண்ட போங்க சாமி!" என்று ஒரே குரலில் நாலு பேர் விரட்டினார்கள்.

விரட்டியது என் நல்லகாலம். அமிலமும் காரமும் சேர்கிற இடத்தில் சூடு பிறக்கும். வெந்த தோலின்மேல் அந்தச் சோதனையையும் செய்து பார்த்திருப்பேன். நாலு பேரும் எழுத்தறியாதவர்கள். அன்றைக்கு அந்த ஓடைக்கரையில் சரியாக நடந்துகொண்டவர்கள் அவர்கள் மட்டும்தான். இருபது மாணவர்கள் மேலே பாறையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெகுநேரம் அவளைத் தண்ணீரில் வைத்திருந்தார்கள். முதுகில் பெரும்பகுதி சிவந்ததோடு போயிற்று. தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் ஆழமாக வெந்திருந்தது. நான் 'நில்லு' என்று சொல்லி அவள் நின்ற நேரம் அது. வேறு கணக்கு வேண்டாம்.

மேலே போய்ச் சேர்ந்ததும் புட்டியை எடுத்துப் பார்த்தேன். அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. அதற்குக் கீழே தக்கை கரிக்கட்டையாகி, தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டு நாள் குலுங்கலில் அமிலம் அதைத் தின்றிருந்தது. மேடு ஏறும்போது கூடை சாய, அரக்கின் ஓரமாக வழி கிடைத்துவிட்டது. மீதி அமிலத்தைக் கண்ணாடி மூடியுள்ள வேறு புட்டிக்கு மாற்றினேன். அந்தக் கரித் தக்கையை யாரும் பார்க்காமல் பங்களாவுக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில் வீசினேன்.

அன்று மாலை தலைமையாசிரியர் கூப்பிட்டார். நல்ல மனிதர். ஆனால் அவருக்கு ரசாயனம் என்றாலே பயம்.

"என்னய்யா நடந்தது? எப்படிக் கொட்டியது?"

"தெரியவில்லை சார். ஏற்றத்தில் அந்தம்மா தடுமாறியிருப்பாள்" என்றேன்.

'தடுமாறியிருப்பாள்' என்பது ஊகம். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதற்குள் அது 'தடுமாறினாள்' என்று ஆகிவிட்டது. நான் திருத்தவில்லை. "இனி அந்தப் பெண்ணைச் சுமைக்குக் கூப்பிட வேண்டாம்" என்று உத்தரவு போட்டார். மறுநாளே அது அவள் ஊர்வரைக்கும் போய்விட்டது. பள்ளிக்கூடத்துச் சாமானைக் கீழே போட்டு உடைத்தவள் என்று பேர். தோட்டத்துக் காப்பி மூட்டை இறக்கவும் அவளைக் கூப்பிடுவது நின்றுவிட்டதாம். எனக்கு இது தெரியாது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. தெரியும். சமையல்காரர் என் இலையில் சோறு போட்டுக்கொண்டே சொன்னார். நான் மோர் கேட்டேன்.

தோட்டத்தின் காப்பிக்கொட்டைக் கிடங்குதான் எங்கள் ஆய்வுக்கூடம். வந்த மூன்றாவது வாரம், சர்க்கரையின்மேல் கந்தக அமிலத்தை ஊற்றிக் காட்டினேன். உங்களுக்கும் பிடித்த சோதனையாகத்தான் இருக்கும். வெள்ளைச் சர்க்கரை மஞ்சளாகி, பழுப்பாகி, கறுத்துப் பொங்கி எழும். சர்க்கரையிலுள்ள நீரின் கூறுகளை அமிலம் இழுத்துக்கொள்கிறது, மிஞ்சுவது கரி என்று விளக்கினேன். பையன்கள் கை தட்டினார்கள். நான் தலை வணங்கினேன்.

இரண்டு நாள் கழித்து, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் செல்லாயி வந்து நின்றாள். சேலைத் தலைப்பை முதுகில் படாமல் தளர்த்திப் பிடித்திருந்தாள்.

"ஏனுங்க வாத்தியாரே, நான் தடுமாறுனேன்னு சொன்னீங்களாமா?"

வகுப்பு முழுதும் திரும்பியது.

"எந்த எடத்துலீங்க தடுமாறுனேன்? எந்தப் பாறையில? வந்து கைய நீட்டிக் காட்டுங்க. கல்யாணங்கட்டி வந்த நாள்லயிருந்து இந்தத் தடத்துல சொம சொமக்கறேன். ஒரு மொளகு கீழ சிந்துனதில்லீங்க."

"அப்படியில்லையம்மா..." என்று ஆரம்பித்தேன். வெயில், புட்டிக்குள் காற்று விரிவது, குலுக்கல், அழுத்தம் என்று என்னென்னவோ சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் அறிவியல்தான். எல்லாம் சேர்ந்து ஒரு பொய்.

முன்வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கினான். கபடம் இல்லாத முகம். உண்மையாகவே சந்தேகம் கேட்டான். "சார், அந்தப் புட்டிக்கு அரக்கு வைத்திருந்தீர்களே, உள்ளே கண்ணாடி மூடியா, தக்கையா? தக்கை என்றால் அதுவும் மரப்பட்டைதானே? சர்க்கரைபோல அதுவும் கரியாகாதா சார்?"

நான் அந்த வருஷம் நடத்திய பாடங்களில் ஒன்று ஒரு மாணவனுக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. சந்தோஷப்பட முடியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் தப்பிக்க ஒரு வழி இருந்தது. 'நல்ல கேள்வி, நாளைக்குப் பார்க்கலாம்' என்று சொல்லியிருக்கலாம். நம் தொழிலில் அதைவிடப் பெரிய பதுங்குகுழி இல்லை. வாயைத் திறந்தும் விட்டேன். செல்லாயி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடைக்கரையில் பார்த்தாளே, அதே பார்வை. நான் என்ன சொன்னாலும் அதில் ஒரு காரணம் இருக்கும் என்று இன்னும் அவளுக்கு ஒரு எண்ணம் இருந்ததுபோலப் பட்டது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"தக்கைதான்" என்றேன். "நான்தான் போட்டேன்."

அவளை உள்ளே கூப்பிட்டேன். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் அமிலம் ஊற்றி, ஒரு தக்கையை இடுக்கியால் அதில் போட்டேன். எல்லோரும் காத்திருந்தோம். தக்கை மெதுவாகப் பழுப்பேறிக் கறுத்தது. இடுக்கியால் அழுத்தினேன், நொறுங்கியது.

"இதுதானம்மா நடந்தது. நீ தடுமாறவில்லை. நான் போட்ட மூடி வெந்துபோய் ஒழுகியது. அது எனக்கு அன்றைக்கே தெரியும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. சொல்லிவிட்டு இடுக்கியைக் கீழே வைத்தேன்.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"செரிங்க. தண்ணிக்குப் போவாதேன்னு கத்துனீங்களே, அது ஏனுங்க?"

விளக்கத் தொடங்கினேன். ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, அதில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினேன். வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "சுடுதுங்க" என்று கையை எடுத்தாள். பிறகு ஒரு பெரிய வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவரச் செய்து, அதே அளவு அமிலத்தை அதில் விட்டேன். வாளியைத் தொட்டாள். இன்னொரு முறை தொட்டாள்.

"இது சுடலீங்களே."

"ஆமாம்."

"அப்ப ஓடத் தண்ணி நல்லதுதானுங்களே?"

"ஆமாம்."

"அப்புறம் ஏனுங்க நிக்கச் சொன்னீங்க?"

இருபது பையன்களும் என் வாயைப் பார்த்தார்கள். கொஞ்சம் தண்ணீர் என்றால் பிறக்கிற சூடு அங்கேயே தங்கிவிடும். ஏராளமாக ஓடுகிற தண்ணீர் என்றால் அமிலத்தையும் சூட்டையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும். புட்டியில் ஊற்றுவதற்கு உள்ள விதி வேறு, உடம்பில் பட்டதைக் கழுவுவதற்கு உள்ள விதி வேறு. இது பாடப்புத்தகத்திலேயே இருந்தது. நான் அதை முழுசாக யோசித்தது அந்த வாளிக்கு முன்னால் நின்றபோதுதான்.

"எனக்குப் பாதிதான் தெரிஞ்சிருந்ததும்மா" என்றேன்.

"வாத்தியாரு சொல்றாரேன்னு நின்னேனுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

தலைமையாசிரியரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இதை மூன்று வாரத்துக்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். செல்லாயியைக் கூப்பிட்டு அவரே வருத்தம் சொன்னார். அவள் திருப்தியடையவில்லை.

"இங்க சொல்லி என்னங்க ஆவுது? சந்தையில சொல்லோணுங்க. நாலு பேரு காதுல உழுவோணும்."

அந்த வாரச் சந்தைக்குப் போனேன். எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன், செந்தமிழில். "மலைவாழ் பெருமக்களே" என்று தொடங்கினேன். வாழைத்தாருக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த ஒருவர், நான் ஏலம் விட வந்திருக்கிறேன் என்று நினைத்து என்ன விலை என்று கேட்டார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். "அந்தம்மா கீழே போடவில்லை. நான் மூடியைத் தப்பாகப் போட்டேன். தப்பு என்னுடையது" என்று சொன்னேன். முதலில் நின்றவர்களுக்குக் கேட்டது; பின்னால் வந்தவர்கள் "என்னவாமா?" என்றார்கள். மறுபடி சொன்னேன். செல்லாயி கொஞ்சம் தள்ளி நின்று, புதிதாக யாராவது வந்தால் என் பக்கம் கைகாட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள். சந்தை கலைவதற்குள் எட்டு ஒன்பது முறை சொல்லியிருப்பேன். கடைசி ஆட்டத்தில் எனக்கு நன்றாகவே வந்தது. அடுத்த வாரத்திலிருந்து காப்பி மூட்டைக்கு அவளைக் கூப்பிட்டார்கள் என்று சமையல்காரர் சொன்னார். அன்று நான் மோர் கேட்கவில்லை.

குண்டுப் பயம் தணிந்து, பரீட்சைக்கு முன் பட்டணம் திரும்ப உத்தரவு வந்தது. மறுபடி சுமை கட்டினோம். செல்லாயி வந்து ஒவ்வொரு புட்டியாகக் காட்டி, "இது பொசுக்குமா? இது தீப்புடிக்குமா? இது மோந்தா மயக்கம் வருமா?" என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவளுக்குப் புரிகிறமாதிரி பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த மூன்று கேள்விகளை இன்றுவரை நான் எந்தப் புட்டியைத் தொட்டாலும் கேட்டுக்கொள்கிறேன். புத்தகத்தில் அவை பல பக்கங்களுக்குப் பரவிக் கிடக்கும்.

கந்தக அமிலத்தை மட்டும் யாரும் தொடமாட்டேன் என்றார்கள். நியாயந்தான். புதுக் கண்ணாடி மூடி போட்டு, கட்டி, மணல் நிரப்பிய மரவாளியில் புதைத்து, நானே தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். எனக்குப் பின்னால் ஒரு குடம் தண்ணீரோடு செல்லாயி வந்தாள். வழியில் நாலு இடத்தில் நன்றாகவே தடுமாறினேன். ஒவ்வொரு தடவையும் "ம்" என்றாள்.

அடிவாரத்தில் பஸ் நின்றுகொண்டிருந்தது. பெட்ரோல் கிடைக்காத காலம். பின்பக்கத்தில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு புகையும் பஸ். கண்டக்டர் என் மரவாளியைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"இதென்னங்க இது?"

நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால் செல்லாயி முந்திக்கொண்டாள்.

"திராவகமுங்க. அடுப்புப் பக்கம் வெக்காதீங்க, சாயாம வெய்ங்க. மேல பட்டுச்சுன்னா ஓடிப்போயி தண்ணியில நில்லுங்க, நெறயத் தண்ணி." என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "வாத்தியாரு வேண்டாம்னு கத்துவாரு. காதுல போட்டுக்காதீங்க."